நூலகத்தில் கோடை வாசிப்பு முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் மே மாதம் பிள்ளைகளுக்கு வாசிப்பு முகாம் நடத்த முனையும் நூலகர்கள், வாசகர் வட்டத்தார், தன்னார்வலர்கள், பெற்றோர் ஆகியோர் ஆண்டுதோறும் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர் வாக்கிலேயே உள்ளன. பதிலில் வரும் அளவுகள் 30 பிள்ளைகள் வரும் ஒரு முகாமுக்கானவை. உங்கள் ஊருக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பு முகாம்னா சம்மர் கேம்ப் மாதிரியா?

இல்லை. சம்மர் கேம்ப்பில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் நீச்சல், நடனம், ஓவியம் என்று ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்பும். வாசிப்பு முகாமில் முக்கியமான பங்கு வீட்டில்தான் நடக்கிறது. பிள்ளை நூலகத்துக்கு வந்து தனக்குப் பிடித்த புத்தகத்தைத் தானே எடுத்துப் போகும், வீட்டில் படிக்கும், திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கும். வாரம் இரண்டு நாள் ஒன்றரை மணி நேரம் கூடுவது இந்தச் சுற்று அறுந்துவிடாமல் இருப்பதற்காக.

அமெரிக்கப் பொது நூலகங்கள் 1890களிலேயே இதைத் தொடங்கிவிட்டன. அங்கே இன்றும் பதிவு, வாசிப்பு அட்டை, சின்னப் பரிசு என்று அதே அமைப்புதான்.

கட்டணம் எவ்வளவு சார்?

கிடையாது. நூலகத்துக்குள் உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டையும் வேண்டாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக உறுப்பினர் ஆக வேண்டும். அதற்குச் சிறிய காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் உண்டு. உறுப்பினர் விலகும்போது காப்புத்தொகை திரும்பக் கிடைக்கும்.

'இலவசமா? அப்படியென்றால் தரம் எப்படி இருக்குமோ' என்று தயங்கும் பெற்றோரிடம் அவர்களுடைய வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகச் சேர்ந்தே வசூலாகிறது. ஆகவே இது ஏற்கெனவே காசு கட்டிய சேவை.

எந்த வயசுப் பிள்ளை வரலாம்? என் பையன் ஒண்ணாவதுதான், எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான்.

வரட்டும். 1 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரே முகாமில் நடத்தலாம், ஆனால் ஒரே பாயில் உட்கார வைக்க முடியாது. எழுத்துக்கூட்டுபவர்கள், தானாகப் படிப்பவர்கள், தடித்த புத்தகம் கேட்பவர்கள் என்று மூன்று வட்டம் போடுங்கள். வகுப்பைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டும் பிள்ளையும் உண்டு, இரண்டாம் வகுப்பில் நாளிதழ் படிக்கும் பிள்ளையும் உண்டு. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் 'நுழை, நட, ஓடு, பற' என்ற நான்கு நிலைகள் பல பிள்ளைகளுக்குப் பழக்கம். அவற்றில் மூன்று பெயர்களை இந்த வட்டங்களுக்கு வைத்துக்கொண்டால் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது, கூச்சமும் இருக்காது.

எந்தப் புத்தகம் பொருந்தும் என்று பார்க்க ஒரு சுலபமான வழி: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்தைப் பெரியவர் வாசித்துக் காட்டலாம், பிள்ளை தனியாகப் படிக்க வேண்டாம். அம்மா வாசிக்க, பிள்ளை கேட்டதும் வாசிப்புக் கணக்கில் சேரும். அப்படிச் சேரும் என்று பதிவு நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாள், எத்தனை மணிக்கு வைக்கலாம்?

நான்கு வாரம், வாரம் இரண்டு கூடல், ஆக எட்டு. தினமும் வைத்தால் ஒரு வாரத்தில் பிள்ளைகளும் களைத்துப்போவார்கள், தன்னார்வலர்களும் களைத்துப்போவார்கள். ஒரு நாள் மட்டும் என்றால், ஒரு கூடலைத் தவறவிட்ட பிள்ளை 14 நாள் விலகி நின்றுவிடும்.

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். காலை 10 மணிக்குத் தொடங்கி 11.30க்குப் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும். மாலையில் வைப்பதென்றால் 4.30க்கு. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் விடுப்பு வரும். நாள் குறிக்கும்முன் நூலகத்தின் விடுமுறைப் பலகை, ஊர்த் திருவிழா, அந்த மாதத்து முகூர்த்த நாட்கள் மூன்றையும் பாருங்கள். மின்தடைக்கு முன்னறிவிப்பு வந்திருந்தால் அன்றைக்கு மரத்தடியில் வைக்கலாமா என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம் மூடினதும் நோட்டீஸ் அடிச்சா போதும்ல?

போதாது. அதிகமான முகாம்கள் இந்த ஓர் இடத்தில்தான் தோற்கின்றன. பள்ளி திறந்திருக்கும்வரை ஊரின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் அவர்களைத் தெருத்தெருவாகத் தேட வேண்டியிருக்கும். விளம்பரத்தின் பெரும்பகுதி ஏப்ரலிலேயே முடிந்துவிட வேண்டும்.

மார்ச் மூன்றாம் வாரத்தில் தேதியை முடிவு செய்து மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். அதே வாரம் பள்ளிகளுக்கும் கடிதம் போக வேண்டும். தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உயர்நிலை மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு நகல். தலைமையாசிரியரிடம் கடிதத்தை நேரில் கொடுங்கள். அப்போதே இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: தேர்வு அட்டவணை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மூன்று நிமிடம்.

தேர்வு எல்லா வகுப்புக்கும் ஒரே நாளில் முடிவதில்லை. தொடக்க வகுப்புகளுக்கு முன்னதாகவே முடிந்துவிடலாம். பத்து வகுப்புக்கும் ஒரே தேதியில் நோட்டீஸ் கொடுக்கப் போனால் சின்னப் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கே இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வகுப்பின் கடைசித் தேர்வுக்கு முந்தைய நாள் அந்த வகுப்பு ஆசிரியர் கையால் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். முன்பே கொடுத்தால் தேர்வுப் பரபரப்பில் தொலையும். கடைசித் தேர்வு அன்றே கொடுத்தால் மை தெளிக்கும் உற்சாகத்தில் பறந்துவிடும்.

வழிபாட்டுக் கூட்டத்தில் பேசப் போகிறவர் நூலகத்தின் பெருமையைப் பேச வேண்டாம். நான்கு புத்தகங்களைக் கையில் கொண்டுபோய், அதில் ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தை வாசித்து, கதை சூடு பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, 'மீதி நூலகத்தில் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு இறங்கினால் போதும். பதிவுக்கு ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள், வசதியான நாள். அன்று பள்ளி நடந்தாலும் நடக்காவிட்டாலும் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது.

நோட்டீஸ்ல என்னென்ன எழுதணும்?

வழக்கமாக அடிக்கும் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஒன்பது பெயர்கள் இருக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த வகுப்பு என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். அது அழைப்பாளர்களுக்கான நோட்டீஸ். பிள்ளைக்கானதில் பெயரே வேண்டாம். இப்படி இருக்கலாம்:

கதை வேணுமா? வந்து எடுத்துக்கோ!
கோடை வாசிப்பு முகாம் 2026
1 முதல் 8ஆம் வகுப்பு வரை
மே 5 செவ்வாய் முதல் மே 31 ஞாயிறு வரை
செவ்வாய், ஞாயிறு மட்டும். காலை 10 முதல் 11.30 வரை
கிளை நூலகம் (தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்)
கட்டணம் இல்லை. தண்ணீர் பாட்டில் கொண்டு வரவும்
பின்பக்கத்தை நிரப்பி ஏப்ரல் 30க்குள் நூலகத்தில் கொடுக்கவும்

பின்பக்கத்தில் பெயர், வகுப்பு, தெரு, பெற்றோர் கைபேசி எண், கையொப்பம், படம் எடுக்கச் சம்மதமா இல்லையா என்ற ஒரு கட்டம். தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். தேதி தவறாக அச்சாகிவிட்டாலும் கிழமை காட்டிக்கொடுக்கும். ஊர்க்காரர் சொல்லும் அடையாளத்தை எழுதுங்கள். நூலகத்தின் கதவு எண்ணைச் சொல்லி வழி கேட்பவர் யாருமில்லை.

எத்தனை நோட்டீஸ் அடிக்கலாம்? ஃபிளெக்ஸ் வைக்கலாமா?

இரண்டு பள்ளியிலும் சேர்த்து 400 பிள்ளைகள் என்றால் 400 நோட்டீஸ். வகுப்புக்குப் பத்து என்று கொடுத்து 'எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் 200 தாள், உபரிக்கு 20 தாள். இரு பக்கமும் நகலெடுக்கத் தாளுக்கு மூன்று ரூபாய் ஆனாலும் 660 ரூபாய்தான். கருப்பு வெள்ளையே போதும். மஞ்சள் அல்லது இளம்பச்சைத் தாளில் எடுத்தால் பையில் தேடும்போது கண்ணில் படும்.

உபரி 40 நோட்டீஸும் அம்மாக்கள் நிற்கும் இடங்களுக்குப் போகட்டும்: ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், தையல் கடை. ஒட்டும்முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பொதுச் சுவரில் ஒட்டுவது 1959ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஃபிளெக்ஸ் வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். நூலக வாசலுக்குள்ளேயே ஒன்று கட்டிக்கொண்டால் அந்த அலைச்சல் இல்லை. ஆனால் நூலக வாசலுக்கு வருகிறவருக்கு நூலகம் இருப்பது ஏற்கெனவே தெரியும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டாச்சு. அது போதாதா?

நோட்டீஸுக்குத் துணையாக இருக்கும், நோட்டீஸுக்கு மாற்றாகாது. படமாக மட்டும் அனுப்பினால் நாலு கை மாறுவதற்குள் எழுத்து மங்கிவிடும். படத்தோடு கூடவே எட்டு வரியில் எழுத்துச் செய்தியும் அனுப்புங்கள். மேலே காட்டிய நோட்டீஸின் வரிகளே போதும்.

ஆண்டைக் கட்டாயம் போடுங்கள். 'மே 5 முதல்' என்று மட்டும் இருந்தால் அந்தச் செய்தி அடுத்த ஏப்ரலிலும் உயிரோடு சுற்றும். முகாம் இல்லாத நாளில் பிள்ளையோடு வந்து நிற்பவரிடம் பதில் சொல்ல வேண்டியது நூலகர்தான். அனுப்பும் நாட்களும் மூன்றே போதும்: பதிவு தொடங்கும் நாள், முதல் கூடலுக்கு முந்தைய மாலை, இரண்டாம் வாரத் தொடக்கம். தினமும் அனுப்பினால் குழுவையே ஒலியடக்கி வைத்துவிடுவார்கள்.

பேப்பர்ல செய்தி வர என்ன பண்ணணும்?

அரைப் பக்கத்தில் தட்டச்சு செய்து, நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் முன்பு உள்ளூர் நிருபரிடம் சேருங்கள். முதல் பத்தியிலேயே என்ன, எங்கே, எப்போது, யாருக்கு என்பது முடிந்துவிட வேண்டும். பல நாளிதழ்களில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதி உண்டு. அதற்கு இரண்டு வரி தனியாக எழுதிக் கொடுங்கள். தொடக்க விழா நடந்து முடிந்தபின் வரும் படமும் செய்தியும் கோப்பில் வைக்க உதவும், பிள்ளையை அழைத்து வராது.

புத்தகம் எத்தனை வேணும்? எங்க நூலகத்துல குழந்தைகள் புத்தகம் ரெண்டே அலமாரி.

ஒரு பிள்ளைக்கு நான்கு என்று வையுங்கள். ஒன்று அதன் கையில், மூன்று அது தேர்ந்தெடுப்பதற்காக மேசையில். 30 பிள்ளைக்கு 120. இதில் பாதி 16 முதல் 32 பக்கமுள்ள மெல்லிய புத்தகங்களாக இருக்கட்டும். தட்டுப்பாடு என்றால் மாவட்ட மைய நூலகத்திலிருந்தோ பக்கத்துப் பெரிய கிளையிலிருந்தோ தற்காலிகமாகத் தரும்படி மாவட்ட நூலக அலுவலரிடம் மார்ச் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். மே மாதம் கேட்டால் எல்லாரும் கேட்பார்கள்.

எண்ணிக்கையைவிடக் காட்டும் விதம் முக்கியம். அலமாரியில் முதுகு தெரிய அடுக்கிய புத்தகத்தை எட்டு வயதுப் பிள்ளை எடுக்காது. மெல்லிய புத்தகங்களுக்கு முதுகில் பெயரே இருக்காது. சன்னலுக்குச் சன்னல் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள், பிள்ளையின் கண் உயரத்தில். பெரிய புத்தகங்களை மேசையில் அட்டை தெரியப் பரப்புங்கள். கூடலுக்கு முன் கிழிந்தவை, பக்கம் விட்டுப்போனவை எல்லாவற்றையும் எடுத்து ஓரம் வையுங்கள். முடிவுப் பக்கம் இல்லாத கதை ஒன்று கையில் சிக்கினால் அந்தப் பிள்ளை மறுபடி வருவது சந்தேகம்தான்.

'பொது அறிவுப் புத்தகம்தான் எடுக்கணும்' என்று பக்கத்தில் நின்று சொல்லும் அப்பாக்கள் இருப்பார்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் நூல். வாசகர் அப்பா அல்ல என்பதை மென்மையாகச் சொல்லி, அவருக்கும் ஒரு புத்தகம் கொடுத்து உட்கார வையுங்கள்.

வாசிப்பு அட்டைனு சொல்றீங்களே, அதுல என்ன இருக்கும்?

கெட்டித் தாளில் உள்ளங்கை அளவு அட்டை. முன்பக்கம் பெயரும் 20 கட்டங்களும். பின்பக்கம் எட்டுக் கூடல்களின் தேதிகள்.

கட்டத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் சிக்கல். புத்தகத்துக்கு ஒரு கட்டம் என்றால் எல்லாரும் மிக மெல்லியதையே எடுப்பார்கள், தடித்த புத்தகம் படிக்கிற பிள்ளை கடைசியில் நிற்கும். பக்கக் கணக்கும் அப்படித்தான், பெரிய எழுத்துப் புத்தகத்துக்குச் சாதகம். 20 நிமிட வாசிப்புக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் மூன்று வட்டத்துக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும். வீட்டில் அம்மாவே எல்லாவற்றையும் நிரப்பி அனுப்புவதும் நடக்கும். அதற்குக் காவல் போட வேண்டாம். கூடலில் ஒரு தன்னார்வலர் 'இதில் யாரை உனக்குப் பிடிக்கவில்லை?' என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினால் போதும். 'கதைச் சுருக்கம் சொல்லு' என்று கேட்டால் அது பள்ளித் தேர்வாகிவிடும். சுருக்கம் எழுதச் சொல்லும் அட்டைகள் இரண்டாம் வாரத்தோடு காணாமல் போகின்றன.

பரிசு இல்லைன்னா பிள்ளைங்க வருமா?

சின்னதாக இருக்கட்டும், எல்லாருக்கும் இருக்கட்டும். பத்துக் கட்டம் நிரம்பினால் ஒரு புத்தகக் குறி அட்டை, இருபது நிரம்பினால் சான்றிதழும் ஒரு மெல்லிய புத்தகமும். 'அதிகம் படித்த மூன்று பேருக்கு முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு' என்று அறிவித்தால் முதல் வாரத்திலேயே யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்துவிடும். மற்ற 27 பேருக்கும் அங்கே வேலை இல்லை. எழுத்துக்கூட்டும் பிள்ளைதான் முதலில் நின்றுவிடும், முகாம் யாருக்காகவோ அந்தப் பிள்ளை.

பரிசுப் புத்தகத்துக்குப் பணம் கேட்க ஊரில் புரவலர்களை அணுகும்போது '30 பிள்ளைக்கு 30 புத்தகம், பட்டியல் இதோ' என்று தாளோடு போங்கள். 'முகாமுக்கு நன்கொடை' என்று பொதுவாகக் கேட்டால் பொன்னாடைக்கும் மாலைக்கும் போய்விடும்.

60 பேர் பேர் கொடுத்தாங்க. மூணாவது வாரம் 12 பேர்தான். எங்கே தப்பு?

பாதி தப்பு உங்களுடையதல்ல. மே மாதம் பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போகிற மாதம். பதிவின்போதே 'எந்த வாரம் ஊரில் இருக்க மாட்டாய்?' என்று கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்புங்கள், கட்டங்களை அங்கேயே நிரப்பட்டும். அதேபோல உங்கள் ஊருக்கு விருந்தாளியாக வந்திருக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு உறுப்பினர் அட்டை இருக்காது. நூலகத்துக்குள் படிக்கலாம், வீட்டுக்கு எடுக்க வேண்டுமென்றால் பாட்டி பெயரிலோ அத்தை பிள்ளை பெயரிலோ உள்ள அட்டையில் எடுக்கலாம்.

மீதிக்குக் காரணம் தேட, வராத பிள்ளைகளின் வீட்டுக்கு இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஒரு போன். அழைத்து வர அண்ணன் இல்லை, வெயில், எடுத்த புத்தகம் கஷ்டமாக இருந்தது, புத்தகத்தில் தண்ணீர் கொட்டிவிட்டது, திட்டு விழுமோ என்று பயம்: பதில்கள் பெரும்பாலும் இவையே. கடைசிக் காரணத்தைப் பிள்ளை சொல்லாது, அம்மா சொல்வார். மூன்றாம் வாரத்தில் போன் செய்தால் அதற்குள் அந்தப் பிள்ளைக்கு வேறு பழக்கம் வந்திருக்கும்.

புத்தகம் தொலைஞ்சா யார் பொறுப்பு? அந்தப் பயத்துலதான் பிள்ளைங்க கையில கொடுக்கவே யோசிக்கிறோம்.

பயம் நியாயமானது. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் நூலகர்தான் விளக்கம் எழுத வேண்டும். அதனால் முகாமுக்கென்று 120 புத்தகங்களைத் தனிப் பட்டியலில் வரிசை எண்ணோடு எழுதி, அட்டையின் ஓரத்தில் ஒரே நிறத்தில் சிறு ஒட்டுத்தாள் போடுங்கள். வெளியே போவது, வருவது எல்லாம் ஒரு தனி நோட்டில். வாரம் இரு முறை பிள்ளை வருவதால் ஒரு புத்தகம் வெளியே இருப்பது ஒரு வாரத்துக்கு மேல் போகாது. ஞாயிறு கூடல் முடிந்ததும் பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

நூலகப் புத்தகத்தை ஒரு பிள்ளை தொலைத்துவிட்டால் விதிப்படியான தொகையோ மாற்றுப் பிரதியோ பெற வேண்டியிருக்கும். அதை வாசகர் வட்டம் ஏற்றுக்கொள்ளட்டும், முகாம் செலவில் நாலைந்து மெல்லிய புத்தகத்தின் விலையை முன்பே ஒதுக்கி வையுங்கள். விலை உயர்ந்ததும், மறுபதிப்பு வராததும் இந்தப் பட்டியலில் இருக்கவே கூடாது.

நூலகத்துக்கு வர முடியாத பிள்ளைங்களுக்கு?

புத்தகம் போக வேண்டும். 1931 அக்டோபரில் மன்னார்குடி வட்டாரத்தில் எஸ்.வி. கனகசபை பிள்ளையின் முயற்சியில் மாட்டு வண்டியிலேயே நூலகம் கிராமங்களுக்குப் போனது. இன்றைக்கு ஒரு சைக்கிளும் 25 புத்தகம் கொள்ளும் பையும் போதும். நூலக நண்பர்கள் திட்டத்தில் உள்ள தன்னார்வலர்கள் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகிறவர்கள், அவர்களிடம் முதலில் கேளுங்கள். செங்கல் சூளை, தோட்ட வேலை, கடலோரக் குப்பம் போன்ற இடங்களில் நேரம் காலை 10 அல்ல, வேலை முடிந்து வரும் நேரம். பார்வையற்ற பிள்ளை இருந்தால் வாசித்துக் காட்ட ஒருவரை நியமியுங்கள். சென்னையில் என்றால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவே இருக்கிறது.

டிராயிங், யோகா, செஸ் வச்சாதான் கூட்டம் வருது. வெறும் வாசிப்புக்கு யார் வருவாங்க?

வையுங்கள், வரிசையை மாற்றி வையுங்கள். முதலில் ஓவியம் என்றால் பிள்ளை வரைந்து முடித்துப் போய்விடும், புத்தகப் பக்கமே திரும்பாது. முதல் 15 நிமிடம் வாசித்துக் காட்டல், அடுத்த 30 நிமிடம் அவரவர் வாசிப்பு, 20 நிமிடம் விளையாட்டோ கைவேலையோ, கடைசி 25 நிமிடம் புத்தகம் மாற்றுதல். கைவேலை அன்றைய கதையிலிருந்தே வரட்டும். பானை வரும் கதைக்குக் களிமண், காற்றாடி வரும் கதைக்குப் பனையோலை. வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் ஒன்றரை மணி நேரத்தையும் எடுத்துக்கொள்வது வழக்கமாக நடக்கும் விபத்து. 20 நிமிடம்தான் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

படம் எடுத்து ஃபேஸ்புக்ல போடலாமா?

பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருந்தால் மட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. நோட்டீஸின் பின்பக்கம் அந்தக் கட்டம் வைத்தது இதற்காகத்தான். சம்மதம் இருந்தாலும் முழுப் பெயர், பள்ளி, தெரு மூன்றையும் படத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். தொங்கும் புத்தகங்கள், நிரம்பிய அட்டை, பின்னாலிருந்து தெரியும் தலைகள் ஆகியவை நல்ல விளம்பரப் படங்கள்.

கூடலில் எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். யார் வந்து அழைத்துப் போனார் என்பதை நோட்டில் எழுதுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சுவரில் எழுதி வையுங்கள்.

நல்ல கதைப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி குரூப்ல அனுப்பலாமா?

கூடாது. நூலகம் வாங்கியது ஒரு பிரதியை, நகலெடுக்கும் உரிமையை அல்ல. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை இருக்கிறது. பகிர வேண்டுமென்றால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இருக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகத் தமிழ்ப் படக்கதைகள் உள்ளன. ஸ்டோரிவீவர் கதைகளை அச்சிட்டும் கொடுக்கலாம், எழுதியவர், வரைந்தவர் பெயர்களை நீக்காமல்.

லீவுல படிக்காட்டா பிள்ளை மறந்துடும்னு ஆராய்ச்சி இருக்காமே? அதைப் போட்டு விளம்பரம் பண்ணலாமா?

ஆராய்ச்சி இருக்கிறது, ஆனால் நோட்டீஸில் போடும் அளவுக்கு நேர்க்கோடாக இல்லை. பார்பரா ஹெய்ன்ஸ் அட்லாண்டா மாணவர்களை ஆராய்ந்து 1978இல் வெளியிட்டதில், கோடையில் பொது நூலகத்தைப் பயன்படுத்துவதும் கற்றலும் சேர்ந்தே போவது தெரிந்தது. 1996இல் ஹாரிஸ் கூப்பர் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குச் சறுக்கல் என்றது. அதில் கணக்கில்தான் சறுக்கல் கூடுதல். வாசிப்பில் அது குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாறியது. பின்னர் வந்தவர்கள், அளந்த தேர்வுகளின் அமைப்பே அந்தச் சறுக்கலைப் பெரிதாகக் காட்டியிருக்கலாம் என்று கேள்வி எழுப்பினார்கள். எல்லாமே அமெரிக்கப் பிள்ளைகள், அமெரிக்க விடுமுறை.

'படிக்காவிட்டால் பின்தங்குவாய்' என்று பயமுறுத்திக் கூப்பிட்டால் இன்னொரு டியூஷன் என்றுதான் பிள்ளை நினைக்கும். பயமுறுத்தல் பெற்றோரைப் பதிவு செய்ய வைக்கும். இரண்டாம் வாரமும் வர வைப்பது பாதியில் நிறுத்திய அந்தக் கதைதான்.

முகாம் நல்லா நடந்துதுன்னு எப்படித் தெரியும்? மேலே எத்தனை பேர் வந்தாங்கன்னுதான் கேக்கறாங்க.

அந்த எண்ணையும் கொடுங்கள், தொடக்க நாள் எண்ணாக அல்ல. எட்டுக் கூடலின் வருகையையும் தனித்தனியாக எழுதுங்கள். 40, 34, 31, 30 என்று இறங்கி நிற்பது இயல்பு. 60, 20, 8 என்றால் விளம்பரம் தேவைக்கு மேல் வேலை செய்திருக்கிறது, புத்தக மேசை வேலை செய்யவில்லை.

அதோடு மார்ச் மாதமும் மே மாதமும் வெளியே போன குழந்தைகள் புத்தகங்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனி நோட்டு இருப்பதால் கணக்கு சுலபம். எந்தப் புத்தகம் ஒருமுறைகூட வெளியே போகவில்லை என்ற பட்டியலும் எடுங்கள், அடுத்த ஆண்டு கயிற்றில் அந்த இடம் வேறு புத்தகத்துக்கு. ஒவ்வொரு பிள்ளையிடமும் 'உனக்கு யார் சொன்னார்கள்?' என்று பதிவின்போதே கேட்டு டீச்சர், நோட்டீஸ், வாட்ஸ்ஆப், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று கோடு போட்டு வைத்திருந்தால் அடுத்த மார்ச்சில் எதற்கு அலைய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெரியும். ஜூலை முதல் வாரத்தில் உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து, முகாமில் சேர்ந்த 30 பெயரில் எத்தனை பேர் பள்ளி திறந்தபிறகும் ஒரு புத்தகமாவது எடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணையும் அறிக்கையில் சேர்த்து அனுப்புங்கள்.